கலரில் சிறு மாறுதல் இருக்கலாம்

எங்கள் வீட்டு ஹால் மேற்குப் பார்த்தது. 2003-இல் நங்கநல்லூரில் இந்த ஃபிளாட்டை வாங்கியபோது புரோக்கர் இந்த ஒரு விஷயத்தை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை. காலையில் பால் காய்ச்சும்போது வீடு ஊட்டி மாதிரி இருந்தது. மாலை நாலரைக்குத்தான் உண்மை தெரிந்தது. அவசரப்பட்டு அடுப்பில் வைக்காமல் சாயங்காலம் வரை பொறுத்திருந்தால், பாலை ஹால் தரையில் வைத்தே பொங்க வைத்திருக்கலாம்.

அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம் அந்த வெயிலோடு எனக்குத் தீராத வழக்கு. மூங்கில் தட்டி கட்டினேன். வெட்டிவேர் தட்டி கட்டி, பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கீழ்வீட்டுக்காரரின் பகையைச் சம்பாதித்தேன். கடைசியில் கனமான நீலத் திரை போட்டு வெயிலை ஒருவழியாக வெளியே நிறுத்தினேன். கடந்த மே மாதம் ஒருநாள் மாலை, என் மகள் ஸ்டூல் போட்டு ஏறி அந்தத் திரையைக் கழற்றிக் கீழே போட்டாள்.

"அப்பா, இந்த லைட்டை வச்சுக்கிட்டு இவ்வளவு நாள் என்னப்பா பண்ணிட்டிருந்த?"

வியர்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவள் காதில் அது விழவில்லை. ஐந்தேகாலிலிருந்து ஆறு பத்து வரைக்கும் எங்கள் ஹாலில் அடிப்பது வெயிலே இல்லையாம். அதற்குக் 'கோல்டன் ஹவர்' என்று பெயராம். எனக்கு இது புதுச் செய்தி. அந்த நேரத்தில் நான் வழக்கமாக உட்காரும் பிரம்பு நாற்காலி ஃபிரேமில் வருகிறது என்று பால்கனிக்குக் கடத்தப்பட்டது. நாற்காலியோடு நானும் போனேன்.

மகள் விஸ்காம் இரண்டாம் வருடம் முடித்திருந்தாள். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஓர் ஆடை பிராண்டில் சோஷியல் மீடியா இன்டர்ன். கைத்தறிப் புடவையைப் புடவையாகவும் விற்பார்கள். அதையே வெட்டித் தைத்து கவுனாகவும் விற்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் அடையாறு பக்கம் இருக்கும் அவர்கள் அலுவலகத்துக்குப் போக வேண்டும், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. மாதம் ஐயாயிரம் ரூபாய். நான் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டி, ஜனவரியில்தான் ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் இதற்கு அப்ரண்டிஸ் என்று பெயர். அப்ரண்டிஸ் பையன் முதல் மூன்று மாதம் டீ வாங்கி வருவான், நான்காம் மாதம் ஃபைல் கட்டுவான். "நீ அங்கே டீ வாங்கித் தருவியா?" என்று கேட்டேன். "இல்லப்பா, அதுக்குத்தான் நீ இருக்கியே" என்றாள். அப்போது அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தும் வைத்தேன்.

முதலில் வீட்டின் மீது கை வைத்தாள். சுவரிலிருந்த மளிகைக்கடைக் காலண்டர் போயிற்று. தண்ணீர் சுத்திகரிக்கும் டப்பாவுக்கு மேல் ஒரு துப்பட்டா விழுந்தது. நான் ஓய்வு பெற்ற அன்று மாலையும் சால்வையுமாக எடுத்த குரூப் போட்டோ, 'ஏஸ்தெட்டிக்கா இல்லை' என்ற ஒரே காரணத்துக்காகப் பீரோவுக்குப் பின்னால் தள்ளப்பட்டது. அதில் என்னோடு இருபத்தேழு பேர் இருக்கிறார்கள், ஒருவர்கூடவா தேறவில்லை என்று கேட்டேன். பதில் இல்லை. கடைசியில் வீட்டில் தேறியவை மூன்று: என் மாமியார் சீராகக் கொடுத்த பித்தளை அண்டா, பாட்டிலில் வளரும் மணி பிளான்ட், பழைய மொசைக் தரை. அந்தத் தரையை உடைத்துவிட்டு டைல்ஸ் போட நான் இரண்டு முறை கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். பிராண்டின் ஃபவுண்டர் வீடியோ காலில் தரையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்க டேஸ்ட் சூப்பர்" என்றார். நான் மறுக்கவில்லை. வந்த மரியாதையை வேண்டாம் என்று சொல்ல நான் என்ன ஞானியா?

அடுத்த சிக்கல் வடிவத்தில் வந்தது. இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபரில் தொடங்கியபோது படம் என்றால் சதுரம்தான், வேறு வடிவத்துக்கு இடமே கிடையாதாம். அந்தக் காலத்தில் இவள் இன்டர்னாகப் போயிருந்தால் எங்கள் ஹாலுக்குக் கச்சிதமாக இருந்திருக்கும், பத்துக்குப் பத்து. 2020 ஜூன் கடைசியில் மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. காலி மனையைப் பார்த்த கையோடு அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் நம் ஊரில் ரீல்ஸைக் கொண்டுவந்து இறக்கியது. அதிலிருந்து உலகம் நெட்டுக்குத்தாக நின்றுவிட்டது. அகலம் 1080, உயரம் 1920. ஒன்பதுக்குப் பதினாறு. முகப்புப் பக்கத்துச் சதுரங்களைக்கூட 2025 தொடக்கத்தில் நீட்டிவிட்டார்கள். இந்தக் கணக்குக்குப் பொருந்துகிற மாதிரி எங்கள் வீட்டில் இருந்த ஒரே இடம் பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சந்து. அதனால் மே மாதம் முழுக்க நாங்கள் குளிக்கப் போவதற்கு அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

என் உத்தியோகத்தைச் சொல்கிறேன். தெர்மாகோல் பிடிப்பது. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம் விழுந்தால் மறுபக்கம் முகம் இருண்டு போகும். அந்தப் பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி இருட்டைக் கழுவிவிடும். சினிமாக்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலை. கொலு வைக்க வாங்கி, மெத்தைக்கு அடியில் போட்டிருந்த அட்டை இதற்கு உதவியது. மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நிற்க வேண்டும். பார்க்கச் சுலபம்போலத் தெரியும். அரை மணி நேரம் நின்று பாருங்கள்.

"அப்பா, ஆடாத."

"ஆடலையே."

"மூச்சு விடறப்ப ஆடுது."

முப்பத்து நான்கு வருட சர்வீஸில் என் மீது எத்தனையோ மெமோ வந்திருக்கிறது. மூச்சு விட்டதற்காக வந்தது இதுதான் முதல் முறை.

மாடல் அவளுடைய வகுப்புத் தோழி. ஒல்லியான பெண். பிராண்ட் அனுப்பிய ரவிக்கை அவளுக்கு ஒன்றரை ஆள் அளவு. அதற்கென்ன செய்வார்கள் என்று நினைத்தேன். முதுகுப் பக்கம் துணியை இழுத்துப் பிடித்து, நான் ஆபீஸில் வவுச்சர் கட்டுக்குப் போட்டுவந்த கறுப்பு கிளிப்புகள் நாலைப் போட்டுவிட்டார்கள். முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பின்னால் பார்த்தால் ஆடிட்டுக்குப் போகிற ஃபைல் மாதிரி இருந்தது. இத்தனை நாள் விளம்பரப் படத்தைப் பார்த்து, என் சட்டை மட்டும் ஏன் எனக்கு இப்படித் தொங்குகிறது என்று வருத்தப்பட்டிருக்கிறேன். என் உடம்பில் ஒரு குறையும் இல்லை. கிளிப்தான் இல்லை.

கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க முடியாதவன் நான். புடவைகள் சாம்பிள் என்ற பெயரில் பை பையாக வீட்டுக்கு வந்தன. அலசிய மாதிரியும் தெரியக் கூடாது, கட்டிய மாதிரியும் தெரியக் கூடாது, டேக் அறுபடாமல் திரும்பிப் போக வேண்டும். இதற்கு ஒரு கணக்கு வேண்டாமா? "வாட்ஸாப்ல இருக்குப்பா" என்றாள். வாட்ஸாப்பில் இருப்பது கணக்காகுமா? நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வரிசை எண், வந்த தேதி, விவரம், நிறம், விலை, திரும்பிய தேதி, குறிப்பு என்று ஏழு பத்தி பிரித்து ஸ்டாக் ரிஜிஸ்டர் திறந்தேன். ஓய்வு பெற்ற பிறகு அன்று இரவுதான் நன்றாகத் தூங்கினேன்.

நிறம் என்ற பத்தியில்தான் தகராறு முளைத்தது. பில்லில் 'டஸ்ட்டி ரோஸ்' என்று போட்டிருந்த புடவையை ரிஜிஸ்டரில் 'வெங்காயச் சருகு' என்று எழுதினேன். 'பர்ப்பிள்' என்றதை 'கத்திரிப்பூ' என்றும், 'மஜென்ட்டா' என்றதை 'வாடாமல்லி' என்றும், 'மெரூன்' என்றதை 'அரக்கு' என்றும் எழுதினேன். 'ஐவரி' என்ற ஒன்றுக்கு நெடுநேரம் யோசித்து 'வடிகஞ்சி' என்று எழுதினேன். மகள் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒன்பதாயிரம் ரூபா புடவைப்பா. வடிகஞ்சின்னு போட்டா யாருப்பா வாங்குவா?" வடிகஞ்சி குடித்து வளர்ந்தவன் வாங்குவான் என்றேன். அவனிடம் ஒன்பதாயிரம் இருக்காது என்றாள். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான்.

கலர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்காததற்கு ஒரு காரணம் உண்டு. நிறம் பார்ப்பதில் நான் கெட்டிக்காரன். 1999-இல் சம்பளக் கமிஷன் அரியர்ஸ் வந்த கையோடு, ஆபீஸ் முடிந்து ராத்திரி எட்டரைக்குத் தன்னந்தனியாகத் தியாகராய நகர் போய், மனைவிக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்தேன். மயில் கழுத்து. பாவு நீலம், ஊடை பச்சை என்று வைத்து நெய்வார்கள். மடிக்கு மடி அது நீலமா பச்சையா என்று கண் ஏமாறும். தனியாகப் போன ஆண்பிள்ளை புடவை எடுத்து வந்து, அதை ஒரு மனைவி மாற்றாமல் வைத்துக்கொண்ட வரலாறு எங்கள் குடும்பத்தில் அது ஒன்றுதான். இருபத்தாறு வருடமாகச் சொந்தத்தில் எந்த ரிசப்ஷன் என்றாலும் அவள் கட்டுவது அந்தப் புடவையைத்தான். இதை மகளிடம் எடுத்துச் சொன்னேன். சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

வெங்காயச் சருகு பிழைத்துக்கொண்டது. ஒருநாள் மேசை மேல் புடவையை மடித்து, பக்கத்தில் வளையலும் மல்லிகையும் வைத்து, நேர் மேலிருந்து எடுக்கிற 'ஃபிளாட் லே' படத்தின் ஓரத்தில் என் ரிஜிஸ்டரும் தவறுதலாக விழுந்துவிட்டது. ஃபவுண்டர் அதைப் பெரிதாக்கிப் படித்திருக்கிறார். "யார் எழுதினது? செம ஆதென்டிக்!" என்று செய்தி வந்தது. மறுவாரம் கேப்ஷனில் 'வெங்காயச் சருகு' என்று தமிழிலேயே போட்டார்கள். கேப்ஷனுக்கு 2200 எழுத்து வரை இடம் உண்டாம். நான் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிறு வரலாறே எழுதித் தருவதாகச் சொன்னேன். காஞ்சிபுரத்தில் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்து கொடுத்த நீலம்தான் எம்.எஸ். ப்ளூ என்று ஊர் முழுக்கப் பெயராகி நிற்கிறது, அங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்றேன். "யாரும் ரெண்டு வரிக்கு மேல படிக்க மாட்டாங்கப்பா" என்றாள். அப்படியானால் மீதி எழுத்துக்கு எதற்கு இடம் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

அவளுடைய வேலையை நான் முதலில் வேலையாகவே மதிக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். போனை நோண்டுவதற்குச் சம்பளமா என்று எதிர் ஃபிளாட்காரரிடம் சொல்லிச் சிரித்தவன் நான். பிறகு ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கு எழுதினேன். பத்தொன்பது செகண்டு ரீல் ஒன்றுக்குப் புடவைக்கு நீராவி இஸ்திரி ஐம்பது நிமிடம், கட்டி மடிப்பு வைக்க நாற்பது, படம் எடுக்க ஒன்றரை மணி நேரம், வெட்டி ஒட்ட இரண்டு மணி நேரம். கூட்டினால் ஐந்து மணி நேரம் தொடுகிறது. அதை அனுப்பினால் அங்கிருந்து "ஹூக் வீக்கா இருக்கு" என்று ஒரே வரியில் பதில் வரும். ஹூக் என்றால் கொக்கி. பார்க்கிறவன் கட்டைவிரலைத் தள்ளுவதற்கு முன் முதல் மூன்று செகண்டில் அவனைக் கொக்கி போட்டு நிறுத்த வேண்டும். மூன்று செகண்டில் ஒரு மனிதனை நிறுத்துவது எனக்குத் தெரிந்து டிராஃபிக் போலீசால் மட்டும்தான் முடியும்.

பாட்டு விஷயத்தில் உதவலாம் என்று போனேன். இளையராஜாவின் எண்பதுகளில் இதற்கு ஆயிரம் இருக்கிறதே என்று வரிசையாக எடுத்துவிட்டேன். தனி ஆள் கணக்கில் போடுகிற பாட்டையெல்லாம் கடைக்கணக்கில் போட முடியாது, உரிமைப் பிரச்சினை என்றாள். வியாபாரக் கணக்குக்கு உரிமைத் தொல்லை இல்லாத மெட்டுகள் தனியாக ஒரு பட்டியலில் இருக்கின்றன. கேட்டுப் பார்த்தேன். எல்லாம் லிஃப்டுக்குள் கேட்கிற சங்கீதம். வெங்காயச் சருகுப் புடவை கட்டிய பெண் எங்கள் மொசைக் தரையில் நடந்து வர, பின்னால் யாரோ ஆறாவது மாடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கமென்ட் பார்ப்பதும் அவள் வேலைதான். ஒருநாள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். வரிசையாக 'பிபி', 'பிபி', 'பிபி ப்ளீஸ்'. ஊரில் இத்தனை பெண்களுக்கா ரத்தக் கொதிப்பு, அதைப் புடவைக் கடையில் வந்து ஏன் சொல்கிறார்கள் என்று பதறிவிட்டேன். பிபி என்றால் 'பிரைஸ் ப்ளீஸ்'. விலை என்ன என்று கேட்கிறார்கள். அதற்கு இவள் ஒவ்வொருவருக்கும் 'டிஎம் பண்ணியிருக்கோம்' என்று பதில் போடுகிறாள். விலையை ஏன் காதில் சொல்ல வேண்டும், நாலு பேர் பார்க்க எழுதிப்போட்டால் என்ன? 2020-இல் வந்த மின் வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில் மொத்த விலையை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்று இருக்கிறதே என்று பிடித்துக்கொண்டேன். இன்ஃப்ளுயன்சர்களுக்குப் புடவையை இலவசமாகக் கொடுத்துப் படம் போடச் சொல்வதற்கு 'பார்ட்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உப்புக்கு நெல் மாற்றிய உமணர் சரித்திரம்தான். காசு வாங்காமல் பொருளாக வாங்கினாலும் 'விளம்பரம்' என்று குறிக்க வேண்டும் என விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-இலேயே நெறிமுறை போட்டிருப்பதையும் படித்துச் சொன்னேன். மகள் இரண்டையும் பொறுமையாகக் கேட்டு ஃபவுண்டருக்கு அனுப்பினாள். இணையதளத்தில் விலை ஏற்கெனவே இருக்கிறது, விளம்பரக் குறிப்பும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், அங்கிள் மிகவும் ஷார்ப் என்று பதில் வந்தது. ஆட்சேபணை எழுதி, ஆட்சேபணைக்கு இடமே இல்லை என்று பதில் வாங்குவது கணக்குப் பிரிவில் எனக்குப் பழகிய விஷயம்தான்.

அதே பிபி வரிசையில் ஒருவர் மட்டும் புடவையைக் கேட்காமல், 'பின்னாடி கண்ணாடியில தெரியுற நீலக் கட்டம் போட்டது என்ன ரேட்?' என்று கேட்டிருந்தார். பீரோக் கண்ணாடியில் நான் தெரிந்தேன். நெஞ்சுக்கு மேலே தெர்மாகோல், கீழே லுங்கி. நாலாயிரம் பேர் பார்த்து முடித்திருந்தார்கள். லுங்கிக்கு நல்ல வரவேற்பு என்று மனைவி சொன்னாள்.

ஃபேன் விவகாரத்தைச் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்றுதான் பார்த்தேன். ரிஜிஸ்டரில் பதிவாகிவிட்டதால் மறைக்க முடியாது. புடவையை ஒவ்வொன்றாக மேலே வீச வேண்டும், அது விரிந்து கேமராவை மூடும்போது வெட்டினால் அடுத்த புடவை வந்து நிற்கும். வீசுகிறவன் நான். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறி நின்றேன். ஐந்தரை மணி வெயில், சத்தம் கேட்கும் என்று ஒரு மணி நேரமாக ஃபேன் கிடையாது. அரக்கு போயிற்று, வாடாமல்லி போயிற்று. மகள் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து இறங்கி, ஃபேனை ஐந்தில் வைத்தேன். அவள் வந்து "அடுத்தது வீசுப்பா" என்றாள். பழக்க தோஷத்தில் ஏறி வீசிவிட்டேன்.

வடிகஞ்சி மேலே போனது, கீழே வரவில்லை. ஐந்தரை மீட்டர் புடவை ஃபேனைச் சுற்றிச் சுற்றி, ஒரு பெரிய முறுக்கு மாதிரி உத்தரத்தில் உட்கார்ந்தது. நான் போட்ட கூச்சலில் எதிர் ஃபிளாட்காரர் கதவைத் தட்டினார். ஃபேன் இறக்கையைப் பொங்கலுக்குத் துடைத்தது. அந்த நாலைந்து மாத அழுக்கு முழுக்கப் புடவையில் கோடு கோடாக இறங்கியிருந்தது. இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம், மகள் புடவையைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தாள். "வாவ், என்ன ஷாட்! நீ கத்தாம இருந்திருந்தா போட்டிருக்கலாம்" என்றாள். புடவையை நானே வாங்கிக்கொண்டேன். இன்டர்ன் குடும்பத்துக்குப் பதினைந்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தார்கள். 'குறிப்பு' பத்தியில் 'மின்விசிறியில் சிக்கியது, குடும்பத் தலைவர் கணக்கில் பற்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் நடுவில் ஒரு புகார் வந்தது. படத்தில் நீலமாக இருந்த புடவை கைக்கு வந்தபோது பச்சையாக இருக்கிறதாம். பிரித்த வீடியோவோடு அனுப்பியிருந்தார் அந்த அம்மாள். பதில் எழுதும் பொறுப்பு மகளுக்கு வந்தது. எல்லாக் கடையும் படத்துக்கு அடியில் சின்ன எழுத்தில் போடுகிற வாக்கியம் இவர்களிடமும் இருந்தது: ஒளியைப் பொறுத்துக் கலரில் சிறு மாறுதல் இருக்கலாம். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே உள்ளது சிறு மாறுதலா என்று இவளுக்கே உறுத்தியது. ராத்திரி பதினொரு மணிக்கு அப்பனும் மகளும் சோதனையில் உட்கார்ந்தோம். அதே ரகப் புடவையை டியூப் லைட்டில் வைத்து எடுத்தோம், படுக்கையறை மஞ்சள் பல்பில் எடுத்தோம், விடிந்ததும் ஜன்னலில் வைத்து எடுத்தோம். மூன்று படம், மூன்று புடவை. கூல் டே-லைட் டியூப் 6500 கெல்வின், அதில் நீலச் சாயல் தூக்கல். மஞ்சள் பல்பு 2700. உச்சி வெயில் 5500 வாக்கில். போன் கேமரா இதையெல்லாம் தானாகச் சரி செய்கிறேன் பேர்வழி என்று தன் இஷ்டத்துக்கு ஒரு நிறத்தைக் கலக்கும். அதிலும் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்றால் கேட்கவே வேண்டாம்.

"அந்தக் காலத்துல எப்படிப்பா கண்டுபிடிப்பாங்க?" என்றாள். அந்தக் காலத்தில் கடைக்காரரே சொல்வார்: வெளிச்சத்தில் பார்த்துக்கங்க. புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் கடை வாசலுக்கு வருவார்கள், பின்னாலேயே கடைப்பையன் ஒருவன் புடவையோடு யாரும் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள வருவான். பகல் வெளிச்சத்தில் தேறினால்தான் பில். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தவன், ஏனோ பாதியில் நிறுத்திவிட்டேன். மகள் புகார் சொன்ன அம்மாளுக்குப் புடவையைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, சம்மதமும் வாங்கினாள். அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு புடவைக்கும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம், விளக்கு வெளிச்சத்தில் ஒரு படம் என்று போட ஆரம்பித்தார்கள். எனக்கு வேலை இரட்டிப்பானது.

கடைசி வாரம் எல்லா இன்டர்னும் அவரவர் அம்மாவின் பழைய புடவை ஒன்றைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. காலை எட்டு மணி. மகள் பீரோவைத் திறந்து, அம்மாவிடம் கேட்டு, அந்தப் புடவையைப் பழைய வேட்டித் துணியிலிருந்து பிரித்தாள். நான் சோபாவில் இருந்தபடியே ரிஜிஸ்டரைத் திறந்து, வரிசை எண் போட்டு, "எழுதிக்கறேன், மயில் கழுத்து" என்றேன்.

"அப்பா, இது பச்சை."

"மடிப்பை அசைச்சுப் பாரு, நீலம் ஓடும்."

அசைத்தாள். திருப்பினாள். பால்கனிக்குக் கொண்டுபோனாள். நானும் எழுந்து போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். முருங்கைக்கீரை. கலப்படமில்லாத முருங்கைக்கீரை. மயில் அந்தப் பக்கமே வந்ததில்லை.

"துவைச்சுத் துவைச்சு வெளுத்திருக்கும்" என்றேன்.

"அது ஒரு நாளும் தண்ணி பார்க்கலை" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

மகள் பழைய ஆல்பத்தை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து புரட்டினாள். என் மைத்துனன் ரிசப்ஷன், சித்தப்பா மகள் ரிசப்ஷன், அறுபதாம் கல்யாணத்து ராத்திரி விருந்து. எல்லாவற்றிலும் அந்தப் புடவை. எல்லாவற்றிலும் நான் சொன்ன நிறம், நீலமா பச்சையா என்று கண்ணை ஏமாற்றிக்கொண்டு. தலைக்கு மேல் டியூப் லைட் வரிசை.

"ஏம்மா, ஒரு முகூர்த்தத்துக்குக்கூட இதைக் கட்டலையே நீ?"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ராத்திரி ஒன்பதரைக்குக் கையில பையோட வந்து, செருப்பைக்கூடக் கழட்டாம வாசல்லயே நின்னு மயில் கழுத்துன்னாரு. மறுநாள் காலையில பிரிச்சுப் பார்த்தேன். டியூப் லைட்டுல எடுத்தது, டியூப் லைட்டுலதான அவர் சொன்ன கலர்ல இருக்கும்? அதான், ராத்திரி விசேஷத்துக்கா பார்த்துக் கட்டறது."

மகள் என்னைப் பார்த்தாள். நான் மணி பிளான்ட்டைப் பார்த்தேன்.

"இப்ப எடுக்கவாம்மா? ஜன்னல் லைட் நல்லாருக்கு."

"வேணாம்" என்றாள் மனைவி. "சாயங்காலம் லைட்டைப் போட்டப்புறம் எடு."

நான் நிறம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பேனாவை மூடினேன்.